லெட்டர் கொடுக்காத எம்.எல்.ஏ.

ஆதிநாராயணன் எம்.எல்.ஏ. ஆனதில் தனக்கு எந்தப் பங்கும் இல்லை என்று முத்தம்மாள் இன்றைக்கும் யார் கேட்டாலும் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள். கட்டிய புருஷன் என்பதற்காக ஓட்டுப் போட்டாள், அவ்வளவுதான். அதுவும் மெஷினில் இஸ்திரிப் பெட்டிச் சின்னத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பூத்தில் இருந்த வாத்தியார் தொண்டையைச் செருமிவிட்டார். கட்சிக்காரர்கள் எல்லாரும் மேலே இருந்தார்கள். இவர் சுயேச்சை. அடியில் கிடந்தார்.

ஜெயித்ததே ஒரு விபத்து. அந்தத் தேர்தலில் இரண்டு பெரிய கூட்டணிகளும் தொகுதியை வெளியூர் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டன. அதில் ஒருவர் எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திராவுக்குள் போய் ஓட்டுக் கேட்டுவிட்டுத் திரும்பினார் என்று டீக்கடையில் கதை கட்டினார்கள். இன்னொருவரைப் பற்றிக் கதை கட்டக்கூட முடியவில்லை. அவர் வரவேயில்லை. அத்திக்கழனி ஊராட்சித் தலைவராக இருந்து, ஏரி மதகுக்கு ஒரு வழியாகக் கதவு போடவைத்தவர் ஆதிநாராயணன். கைக்கெட்டிய தூரத்தில் அவர்தான் இருந்தார். ஜனங்கள் கோபத்தில் குத்திவிட்டார்கள். ஜெயித்த செய்தி வந்தபோது அவர் மோட்டார் கொட்டகையில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்துவிட்டுத்தான் வந்தார்.

மறுநாள் காலையில் வாசல் நிறைய ஆள். மாலை ஒரு கையில், காகிதம் ஒரு கையில். எல்லாருக்கும் லெட்டர் வேண்டும். பையனுக்குத் தேர்வாய் கண்டிகை கம்பெனியில் வேலைக்கு ஒரு லெட்டர். பெண்ணுக்குக் காலேஜ் சீட்டுக்கு ஒரு லெட்டர். முதியோர் பென்ஷனுக்கு, பட்டாவுக்கு, கரண்ட் கம்பத்துக்கு லெட்டர். பக்கத்து வீட்டுக்காரன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிப் போலீசுக்கு ஒருவர் லெட்டர் கேட்டார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் அதே கூட்டத்தில் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

ஆதிநாராயணன் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, தான் யாருக்கும் லெட்டர் கொடுக்கப்போவதில்லை என்றார். லெட்டர் பேடே அடிக்கவில்லை என்றார். ஒரு மனுவுக்கு நியாயம் இருந்தால் எம்.எல்.ஏ. லெட்டர் இல்லாமலே அது நடக்க வேண்டும், நியாயம் இல்லாவிட்டால் லெட்டர் இருந்தாலும் நடக்கக் கூடாது என்றார். மாலைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாமா என்று சிலர் யோசித்ததை முத்தம்மாள் கண்ணால் பார்த்தாள்.

எதிர்வீட்டு ஞானம்மா அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள்: "இஸ்திரிப் பெட்டின்னு நம்பிக் குத்தனோம் முத்தம்மா. சூடே ஆவ மாட்டுதே."

லெட்டர் கொடுக்காவிட்டாலும் சும்மா இருக்கவும் அவருக்குத் தெரியவில்லை. மனு கொடுக்கப் போகிறவர்களோடு தானும் போய் வரிசையில் நின்றார். எழுத்து தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். எங்கே எந்த ஜன்னல் என்று காட்டினார். ஜனங்களோடு ஜனமாக நின்றால் ஆபீஸ் தானாகத் திருந்தும் என்பது அவர் கணக்கு. நடந்தது வேறு. அவர் வரிசையில் நின்றதைப் பார்த்த பியூன் நாற்காலி கொண்டுவந்தான். அடுத்த நிமிஷம் கிளார்க் எழுந்து வந்தார். அதற்கடுத்து தாசில்தாரே வந்தார். அவரோடு வந்தவரின் மனு அன்றைக்கே முடிந்தது. மற்றவர்கள் மறுநாள் வரச் சொல்லப்பட்டார்கள்.

இந்தச் சேதி தொகுதியில் பரவ அதிக நாள் ஆகவில்லை. 'அவரு லெட்டரு குடுக்க மாட்டாரு, ஆனா கூப்ட்டா கூட வந்து நிப்பாரு' என்று ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவரும் நியாயம்தானே என்று ஏறிப் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் முத்தம்மாள்தான் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"லெட்டர் குடுக்கலன்னு பேரு பண்ணிக்கினு கீற. நீயே லெட்டருய்யா. ஆட்டோல ஏறிப் போற லெட்டரு."

அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அதன்பிறகு யாரோடும் போய் நிற்கவில்லை. இப்போது கூட வரவும் மாட்டேன் என்கிறாரே என்று ஜனங்கள் இன்னும் கொதித்தார்கள். ஆட்டோக்காரர்களும் கொதித்தார்கள்.

சட்டசபையிலும் இதே கதை. கடைசி வரிசையில் இடம். பேச மூன்று நிமிஷம் கிடைத்தால் பெரிது. அதற்கு மாட்டுக் கொட்டகையில் ஒத்திகை பார்ப்பார். அவர் பேச்சு முத்தம்மாளுக்கும் இரண்டு எருமைகளுக்கும் மனப்பாடம். 'மனு வந்த வரிசைப்படிதான் தீர்க்கப்பட வேண்டும். ஒன்றைத் தாண்டி இன்னொன்றை எடுத்தால் அதற்குக் காரணம் எழுதப்பட வேண்டும். வரிசை வெளியே தெரியும்படி எழுதி வைக்கப்பட வேண்டும்.' எல்லாக் கூட்டத் தொடரிலும் இதையே சொன்னார். அரசாங்கம் ஒரு வழியாக ஏறக்குறைய அப்படி ஒரு மசோதா கொண்டுவந்தது. ஆதிநாராயணன் அதை ஆதரித்து ஓட்டுப் போட்டார். அன்றைக்கே எதிர்க்கட்சி ஒன்றியச் செயலாளர் பைக்கில் வந்து இறங்கி, இன்னா நைனா, எவ்ளோ டப்பு என்று வாசலிலேயே கேட்டார். அடுத்த தொடரில் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடும் மசோதா வந்தது. இவர் எதிர்த்துப் போட்டார். இந்தத் தடவை ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் காரில் வந்து இறங்கி, அதே கேள்வியைக் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார். எதிர்த்தரப்பு காசு கொடுத்து இவரை வாங்கிவிட்டது என்று இரண்டு கட்சிகளும் மனதார நம்பின. முத்தம்மாளுக்குத்தான் உண்மை தெரியும். வாங்கியிருந்தால் அந்த வீட்டுக்கு ஒரு தளமாவது போட்டிருப்பார். ஐப்பசி மழையில் அவள் அடுக்களையில் மூன்று பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மசோதா சட்டமானது. மற்ற ஊர்களில் அது என்ன ஆனதோ, இந்தத் தாலுகா ஆபீசில் ஆதிநாராயணன் விடவில்லை. நிலத்தை அளந்து தனிப் பட்டா கேட்கும் மனுக்களின் நம்பரெல்லாம் வாசலில் ஒரு வெள்ளைப் பலகையில் வரிசையாக எழுதப்பட்டது. முடிந்ததை அழிப்பார்கள். புதிது வந்தால் அடியில் எழுதுவார்கள். வரிசை ஒழுங்காக இருந்தது. நகரத்தான் இல்லை. சர்வேயர் ஒரே ஒருவர். அவரை வரிசையைத் தாண்டிக் கூப்பிட முடியாது என்று ஆனபிறகு, கூப்பிட ஆளில்லாததால் அவர் வெளியே கிளம்புவதே குறைந்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் முத்தம்மாளின் நிலத்துக்கு ஆபத்து வந்தது.

எளாவூர் பக்கம் ஹைவேயை ஒட்டி அவளுடைய அப்பா விட்டுப் போன நிலம். பாகப்பிரிவினைப் பத்திரப்படி வடக்குப் பாகம், ரோட்டைப் பார்த்த பாகம், முத்தம்மாளுக்கு. பின்னால் ஓடைப் பக்கம் தம்பி சரவணகுமாருக்கு. ஆனால் பட்டா இன்னும் கூட்டுப் பட்டாதான். வரைபடத்தில் நடுவே கோடு இல்லை. இத்தனை வருஷம் அது யாருக்கும் தேவைப்படவில்லை, இரண்டு பேரும் நெல்தான் வைத்தார்கள். அந்த வருஷம் சரவணகுமாருக்கு ஒரு லாரி யார்டுக்காரர் கிடைத்தார். ரோட்டோரம் வேண்டும் என்றார். சரவணகுமார் ரோட்டோரத்தில் கல்லும் மணலும் இறக்கினான். அக்கா கேட்டதற்கு, எல்லாம் ஒரே நிலம்தானேக்கா, நீ ஓடைப் பக்கம் எடுத்துக்கோ, தண்ணி வசதி கீது என்றான்.

ஓடையில் தண்ணீர் அல்ல, இப்போதெல்லாம் லாரி கழுவின எண்ணெய்தான் வருகிறது. சுவர் எழும்பிவிட்டால் கோர்ட்டுதான். கோர்ட்டுக்குப் போன பங்காளிகளை முத்தம்மாள் பார்த்திருக்கிறாள். பேரப்பிள்ளைகள் வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சுவருக்கு முன்னால் சர்வேயர் வர வேண்டும். வந்து கோடு போட்டுக் கல் நட்டுவிட்டால் தீர்ந்தது.

தாசில்தாருக்கு ஒரு போன் போடுங்கள் என்று புருஷனிடம் கேட்டாள். மனு போடு என்றார். போட்டாள். பலகையின் அடியில் அவள் நம்பர் ஏறியது.

பத்து நாள்கூட ஆகவில்லை. சர்வேயரே வீடு தேடி வந்தார். அம்மா, நாளைக்குக் காலைல எளாவூர் வந்துடுங்க, நாஷ்டா முடிஞ்ச ஒடனே அளந்துடலாம் என்றார். முத்தம்மாள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அவராக வந்தார். அவருக்குக் காபி கொடுத்தாள். தம்பி மூஞ்சியை நாளைக்குப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கினாள். நன்றாகத் தூங்கினாள். அதைத்தான் அவளால் பிறகு மன்னிக்க முடியவில்லை.

காலையில் எளாவூரில் வெயில் ஏறும்வரை நின்றாள். சர்வேயர் வரவில்லை. வீட்டுக்கு வந்தபோது ஆதிநாராயணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். முகத்திலேயே தெரிந்தது.

"யோவ். என் பைலை நீயா பின்னாடி தள்ளன?"

"நான் தள்ளல. எந்த எடத்துல இருந்துச்சோ அங்க வெச்சாங்க."

"யாரு சொல்லி?"

அவர் சட்டையைச் சரியாக மாட்டினார். "நான் சொல்லி."

"நான் கேட்டனா? அவனா வந்தான். ஊர்ல கீற எம்.எல்.ஏ. பொண்டாட்டிங்க எல்லாம் கேட்டு வாங்கறாளுங்க. எனக்கு அதுவா வந்துது. அதையும் போய்த் திருப்பிக் குடுத்துட்டு வந்துக்கினு கீறியே, நீயெல்லாம் மனுஷனா?"

"உனக்கு முன்னாடி எத்தினி பேரு கீறாங்க தெரியுமா முத்தம்மா?"

"எனக்கு முன்னாடி செவுரு கீது. அது தெரியுமா ஒனக்கு?"

வாதம் முற்றினால் அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். அன்றைக்கும் போனார். முத்தம்மாள் நாலு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

மகள் இளமதி கும்மிடிப்பூண்டியில் வாடகை வீட்டில் இருந்தாள். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் வால்வுகளையும் மீட்டர்களையும் பார்த்துக்கொள்கிற வேலை. அம்மா சொன்னதைக் கேட்டாள். போனில் அப்பா சொன்னதையும் கேட்டாள். யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். அப்பனைப் போலவே பெற்றிருக்கிறேன் என்று முத்தம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சுவரிடம் முறையிட்டாள்.

அங்கே இருந்தபோதுதான் விசேஷம் நடந்தது. வரிசை நகர ஆரம்பித்தது.

முதலில் சொன்னது ஜோசப். எளாவூரில் லாரி டயருக்குப் பஞ்சர் போடுகிறவன். அவனும் தன் கடை இடத்துக்கு மனு போட்டிருந்தான், முத்தம்மாளுக்குக் கொஞ்சம் பின்னால். சர்வேயர் காலையும் சாயங்காலமும் டேப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறார், ஞாயிற்றுக்கிழமை கூட விடவில்லை, பலகையில் மேலே இருந்து மளமளவென்று அழித்துக்கொண்டு வருகிறார்கள் என்று வியந்தான். என்ன காரணம் என்று அவனுக்கும் முதலில் விளங்கவில்லை. பிறகு சர்வேயரே டீக்கடையில் புலம்பியிருக்கிறார். 'எம்.எல்.ஏ. ஊட்டம்மா பைலு கீது. தாண்டி எடுத்தா அவரு வந்து கத்தறாரு. எடுக்காம உட்டா, அந்தம்மா பைலை ஏன் வெச்சிக்கினு கீறன்னு மேல இருந்து போன் வருது. முன்னாடி கீறதையெல்லாம் முடிச்சாத்தான் அதுக்குப் போவ முடியும். பேஜாரு.'

இளமதி இதைக் கேட்டுவிட்டு முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "ஒரே குழாய்ம்மா. முன்னாடி இருக்கற தண்ணி போனாத்தான் உன் தண்ணி வெளிய வரும். உன் பக்கம் பிரஷர் ஜாஸ்தி."

முத்தம்மாளுக்கு அது பிடித்திருந்தது. பலகையில் தன் நம்பருக்கு மேலே இருந்தவர்களில் ஒரு பெண், குணசுந்தரி என்று பெயர், வாழைப்பழச் சீப்போடு வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். மூன்று வருஷமாக நடையாய் நடந்த வேலை அவளுக்கு முடிந்துவிட்டதாம். உங்க புண்ணியம்மா என்றாள். எம்.எல்.ஏ. பெயரை அவள் எடுக்கவேயில்லை.

எளாவூரிலிருந்தும் சேதி வந்துகொண்டிருந்தது. அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. ஒரு வரிசைக் கல் வைத்தாகிவிட்டது. இங்கே பலகையில் அவளுக்கு மேலே நாலைந்து நம்பர்தான் பாக்கி. சுவர் ஜெயிக்குமா, பலகை ஜெயிக்குமா என்று அவள் தினமும் இரண்டு பக்கமும் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஜோசப் மறுபடியும் வந்தான். தனியாக வரவில்லை. பலகையில் அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். உட்காரச் சொன்னதற்கு யாரும் உட்காரவில்லை. ஜோசப்தான் பேசினான்.

"யக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுது முடிஞ்சிட்சின்னா அந்தாளு டேப்பைச் சுருட்டி வெச்சிருவான். நாங்க அம்போதான். அதனால..."

"அதனால?"

"உங்க மனுவை வாபஸ் வாங்கிக்கினு மறுபடியும் கடைசியில போடுங்கக்கா. பின்னாடி இருந்து கொஞ்சம் தள்ளுங்க."

முத்தம்மாளுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. "என் நெலத்துல செவுரு எழும்புதுடா ஜோசப்பு."

தெரியும் என்று தலையை ஆட்டினான். அவன் கடையிலிருந்து பார்த்தாலே அந்தச் சுவர் தெரியும். தெரிந்தும்தான் கேட்டான். அவன் கடையை ஹைவேக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் காலி பண்ணச் சொல்லலாம், கையில் பட்டா இருந்தால்தான் நஷ்டஈடு என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் அவரவர் கதையைச் சொன்னார்கள். எல்லாம் நியாயமாக இருந்தது. அதுதான் எரிச்சல். இவர்கள் பொய் சொல்லியிருந்தால் துரத்திவிட்டிருக்கலாம்.

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு அத்திக்கழனிக்கு வந்தாள். புருஷனோடு பேசுவதில்லை என்று வைத்திருந்ததை வேறு வழியில்லாமல் விட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் கேட்கக் கேட்க முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"லெட்டரு குடுத்தா சிபாரிசுன்னு குடுக்கல. கூட நின்னா சிபாரிசுன்னு நிக்கல. இப்போ உன் மனு வரிசையில சும்மா கெடக்குது. அதுவும் சிபாரிசா? நான் இன்னா பண்ணாலும் அது லெட்டராத்தான் ஆவுமா முத்தம்மா?"

"ஆவும். நீ எம்.எல்.ஏ. ஆச்சே."

அவ்வளவு பெரிய மனுஷன் அப்படி உடைந்து உட்கார்ந்ததை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. சட்டசபையில் இரண்டு கட்சியும் சேர்ந்து கூச்சல் போட்டபோதுகூட வீட்டுக்கு வந்து இரண்டு கரண்டி ரசம் அதிகமாகத்தான் கேட்டார். பிறகு, உன் முறை வந்தால் நீ வாங்கிக்கொள், அது உன் உரிமை, வாபஸ் வாங்க வேண்டியதில்லை என்றார். சரி, ஜோசப்? அவனும் காத்திருக்கட்டும், சர்வேயர் போதாது என்று நான் அரசாங்கத்துக்கு எழுதுகிறேன் என்றார். எழுதி எழுதிக் கிழித்தது போதும் என்று முத்தம்மாளுக்கு வாய்வரை வந்தது. ஆனால் வேறொன்று சொன்னாள்.

"உன் நெலம் இன்னும் கூட்டுப் பட்டாவுலதான கீது? உன் அண்ணன் பசங்களோட?"

இருந்தது. அவர் அப்பா காலத்திலிருந்து அப்படியே கிடந்தது. அளக்க வேண்டும் வேண்டும் என்று அவரே பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீ ஒரு மனு போடு. கடைசியில போடு. நியாயமான மனுதான? யாரையும் தாண்டலியே? லெட்டரு கெடையாது, போன் கெடையாது. சும்மா போட்டுட்டு வா."

அவருக்குப் புரிந்துவிட்டது. இதைச் செய்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தே செய்வது சிபாரிசு இல்லாமல் வேறென்ன என்று கேட்டார். அப்படியானால் உன் சொந்த நிலத்துக்கு நீ மனுவே போடக் கூடாதா, ஊரில் எல்லாருக்கும் உள்ள உரிமை உனக்கு மட்டும் இல்லையா என்று அவள் கேட்டாள். சாயங்காலம் முழுக்க இதே வாதம். எருமைகள்கூட அலுத்துப்போய் படுத்துவிட்டன. கடைசியில் கையெழுத்துப் போட்டார். தொழில் என்ற இடத்தில் விவசாயி என்று எழுதினார். அந்தத் தாலுகாவில் ஆதிநாராயணன் என்றால் யார் என்று தெரியாத குமாஸ்தா யாராவது இருக்கலாம் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

ஒருவரும் இல்லை. அவர் மனு பலகையின் அடியில் ஏறிய அன்றைக்கே சர்வேயர் தலையில் கை வைத்துக்கொண்டதாக ஜோசப் சொன்னான். சந்தோஷம் தாங்காமல் சொன்னான்.

முத்தம்மாளின் முறை அடுத்த வாரம் வந்தது. ஆதிநாராயணன் எளாவூர்ப் பக்கமே வரவில்லை. சர்வேயர் பத்திரத்தைப் பார்த்து அளந்தார். சரவணகுமார் மூன்று வரிசை கல் வைத்திருந்தான். சுவர் முழுதாக அக்காவின் பாகத்தில் நின்றது. ஏன் இப்பவே வந்த, இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா செவுரு ஆள் ஒசரம் வந்திருக்கும் என்று சர்வேயரிடமே கோபித்துக்கொண்டான். அக்காவைப் பார்த்து, மாமா போன் போட்டாரா என்று கேட்டான். உங்க மாமா போன் போட்டிருந்தா நீ கல்லே எறக்கி இருக்க மாட்டடா, அந்தாளு இந்த ஜென்மத்துல போட மாட்டாரு என்றாள் முத்தம்மாள். சொல்லும்போது அது திட்டா பெருமையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. கல் நட்டார்கள். சுவரைச் சரவணகுமாரே பிரித்து எடுத்துக்கொண்டான். கல்லை வீணாக்க அவனுக்கு மனசில்லை.

அந்தக் கோடைக்குள் ஜோசப்புக்கும் மற்றவர்களுக்கும் பட்டா வந்துவிட்டது. ஆதிநாராயணன் மனு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. அவர் மனுவுக்கு மேலே சிலர்தான் மிச்சம் என்ற நிலையில் தேர்தல் வந்தது. மறுபடியும் நின்றார், மறுபடியும் இஸ்திரிப் பெட்டி. இந்தத் தடவை கட்சிகள் உள்ளூர் ஆட்களை நிறுத்தின. டெபாசிட் போனது.

யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று முத்தம்மாள் ஜோசப்பை நேராகவே கேட்டாள். அவன் மழுப்பவில்லை. "பெரியவரு நல்லவருதாங்க்கா. ஆனா ஒரு லெட்டரு கூடக் குடுக்க மாட்டாரே. நாளைக்குப் பையனுக்கு வேலைக்குன்னு போனா இன்னா பண்றது?" என்றான். உன் பட்டா எப்படி வந்துச்சு என்று கேட்டாள். அது உங்களாலதானக்கா என்றான். ஆதிநாராயணனிடம் இதைச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் சிரித்தார். சிரிக்கிற விஷயமா இது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வரிசையில் இருந்ததால் வந்தது என்று அவன் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார். தோற்றவர் பேசுகிற பேச்சா அது.

தோற்ற மறுமாதமே சர்வேயருக்கு மாற்றல் வந்தது. அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. வேறு தாலுகா ஆள் ஒருவர் வாரத்துக்கு ஒரு நாள் வந்து, அந்த ஒரு நாளும் வராமல் இருந்தார். பலகை அப்படியே நின்றது. ஆதிநாராயணனின் மனுவும் நின்றது. இப்போது அது வெறும் மனு. யாருக்கும் அதனால் போன் வரவில்லை.

ஆனால் அவர் மாதா மாதம் பஸ் ஏறிப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வருவார். யாரையும் பார்க்க மாட்டார், ஒன்றும் கேட்க மாட்டார். பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிவிடுவார். வேலை ஆச்சா என்று முத்தம்மாள் கேட்பாள்.

"ஆவல. ஆனா எவனும் நம்மளத் தாண்டல."

ஏதோ விருந்து சாப்பிட்டு வந்தவர் மாதிரி இருக்கும் முகம். ஆளுங்கட்சி ஆள் ஒருவர், பழைய எம்.எல்.ஏ. ஆச்சே, ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம், காலியிடத்தை நிரப்பச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு வருஷம் இப்படி ஓடியது. நான் செத்தா என் சமாதிக்காவது எடம் அளந்து வெப்பியா, அதுக்கும் வரிசையா என்று முத்தம்மாள் ஒரு நாள் கேட்டாள். நான்தானே முதலில் பிறந்தேன், நான்தான் முதலில் போவேன் என்றார்.

போனார். மாசியில், அறுப்பு மெஷின் வயலில் ஓடிக்கொண்டிருந்தபோது வரப்பில் உட்கார்ந்தார். எழவில்லை. இளமதி தொழிற்சாலையிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் மாலையோடு வந்தார்கள். அவர் தங்கள் பக்கம் ஓட்டுப் போட்ட தடவைகளை மட்டும் இரண்டு பேரும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

காரியம் எல்லாம் முடிந்து, வாரிசுச் சான்றிதழும் கைக்கு வந்தபிறகு, முத்தம்மாள் மகளோடு தாலுகா ஆபீசுக்குப் போனாள். அவர் பெயரில் கிடக்கும் மனுவைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றாள். ஜன்னலில் இருந்த பெண் புதிது. சோனியா என்று பெயர்ப்பட்டை போட்டிருந்தாள். பொறுமையாகவே சொன்னாள். மனுதாரர் இறந்துவிட்டால் அந்த மனு ரத்து. வாரிசுகள் புதிதாகப் போட வேண்டும். புதிது என்றால் கடைசியில்தான் ஏறும். சட்டம் அப்படி.

எந்தச் சட்டம் என்று முத்தம்மாள் கேட்கவில்லை. அவளுக்கும் எருமைகளுக்கும் அது மனப்பாடம். இளமதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

புது மனுவை எழுத இளமதி உள்ளே உட்கார்ந்தாள். முத்தம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பியூன் துணியோடு வந்தான். பலகையில் ஆதிநாராயணன் நம்பரைத் துடைத்தான். நடுவே இடைவெளி விழுந்தது. கீழே இருந்த நம்பர்களையெல்லாம் அழித்து, ஒவ்வொன்றையும் ஓரிடம் மேலே ஏற்றி எழுதினான். நிதானமாக, தப்பில்லாமல் எழுதினான்.

பக்கத்தில் நின்றிருந்த ஒருவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலகையைப் படித்தான். பேட்டரித் தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தான். அரை நாள் லீவு போட்டு வந்தவனாக இருக்க வேண்டும். யாரிடம் என்றில்லாமல் சொன்னான்.

"ஒருத்தரு கொறஞ்சாரு. நல்லதாப் போச்சு."

முத்தம்மாள் அவனைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். என்ன திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருக்கிறான் போல, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். அவள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தாள்.

"ஒக்காரு நைனா," என்றாள். "இன்னும் நேரம் ஆவும்."